வீட்டுக் கடன் தவணை தவறிவிட்டதா? ஏலத்துக்குப் போகாமல் தடுக்க என்னென்ன செய்யலாம்

என் சித்தப்பா வீட்டு ஷோகேஸ் டிராயரில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், பிரிக்காத கவர்கள் மூன்று கிடந்தன. மூன்றுமே வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து வந்தவை. முதலாவது சாதாரண நினைவூட்டல். இரண்டாவது வக்கீல் நோட்டீஸ். மூன்றாவதின் முதல் வரியிலேயே "சர்ஃபேசி சட்டம் 2002, பிரிவு 13(2)" என்று இருந்தது. வழக்குப் போடாமலே அடமான வீட்டை எடுத்து விற்கக் கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் தரும் சட்டம் இது. அந்தக் கவர் வந்து 41 நாள் ஆகியிருந்தது. அந்த நோட்டீஸ் கொடுத்த கெடு 60 நாள். மிச்சம் இருந்தது 19 நாள். "பிரிச்சுப் பார்த்தா மட்டும் பணம் வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு, சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த 19 நாளில் ஓடி ஓடித் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு தெரிந்தவர்கள் சிலருக்காக வங்கிக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் அலைந்ததில் புரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வங்கியிலோ வீட்டுக்கடன் நிறுவனத்திலோ கடன் வாங்கி, தவணை கட்ட முடியாமல் நிற்பவர்களுக்காக இது. இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. கெடு தாண்டத் தாண்ட உங்களால் செய்ய முடிகிறவை குறைந்துகொண்டே போகும், செலவு ஏறிக்கொண்டே போகும். அதனால் நாள் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் "ஃபோர்குளோஷர்" என்ற சொல் வரும். அமெரிக்காவில் அது வீட்டைப் பறிமுதல் செய்வதைக் குறிக்கிறது. நம் ஊர் வங்கியில் அதே சொல்லுக்குக் கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது என்று பொருள். அமெரிக்க வழிகாட்டிகளில் சொல்லப்படும் சலுகைகளை நம்பி இங்கே போய் நிற்காதீர்கள். இங்கே சட்டம் வேறு.

முதலில், எத்தனையாவது நாளில் இருக்கிறீர்கள்?

கடன் பத்திரங்களை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சாங்ஷன் லெட்டர், கடைசி ஒரு வருட லோன் ஸ்டேட்மென்ட், வந்த கடிதங்கள் எல்லாம் வேண்டும். கட்டாமல் விட்ட தவணைகளில் மிகப் பழையது எந்தத் தேதி என்று பாருங்கள். அங்கிருந்துதான் நாள் எண்ணப்படுகிறது.

முதல் 30 நாள் வரை கணக்கு எஸ்.எம்.ஏ.-0, அதாவது தவணை தவறியதால் வங்கி தனியாகக் கண்காணிக்கும் கணக்கு. அதைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-1. 60 நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-2. 90 நாள் ஆனதும் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். ஏப்ரல் 5-ஆம் தேதித் தவணையைக் கட்டவில்லை, அதன் பிறகும் எதுவும் கட்டவில்லை என்றால் ஜூலை 4-ஆம் தேதி இரவுக் கணக்கு முடியும்போது கடன் வாராக்கடனாகிவிடும்.

இந்த 90-ஆம் நாள் எவ்வளவு முக்கியம் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. ஒரு கணக்கு சொல்கிறேன். 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் கட்டவில்லை. ஜூலை 2-ஆம் தேதி ஒரே ஒரு தவணையைப் புரட்டிக் கட்டினால், அது ஏப்ரல் பாக்கிக்கு வரவு வைக்கப்படும். அப்போது பழைய பாக்கி மே 5 என்று ஆகிவிடும், கணக்கு வாராக்கடன் ஆகாது. ஒரு மாத மூச்சு கிடைக்கும். ஆனால் 90 நாள் தாண்டிவிட்டால் ஒரு தவணை கட்டிப் பயன் இல்லை. அசல், வட்டி பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கை மறுபடி சாதாரண நிலைக்குக் கொண்டுவரலாம் என்பது ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாக்கிய விதி. ஜூலை 5-க்குப் பிறகு போனால் நான்கு தவணை, 1,04,140 ரூபாய், அபராதக் கட்டணம் தனி.

அதனால் 90 நாளுக்குள் இருப்பவர்கள் கையில் இருக்கும் பணத்தை வேறு எதற்கும் எடுக்காமல் ஒரு தவணையாவது கட்டுங்கள். கட்டும்போது "பழைய தவணைக்கு வரவு வையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் அபராதம், செக் பவுன்ஸ் கட்டணம் என்று கழித்துக்கொண்டு தவணை பாக்கியை அப்படியே வைத்துவிடுவார்கள்.

90 நாளுக்குள்: எழுதிக் கேளுங்கள்

வங்கிக்குப் போய் வாயால் சொல்லிவிட்டு வருவதுதான் எல்லோரும் செய்வது. சித்தப்பாவும் அதைத்தான் செய்தார். "ஹெட் ஆபீஸ்ல பேசறோம், வெயிட் பண்ணுங்க" என்று கிளையில் சொன்னார்கள். அதை நம்பி நான்கு மாதம் காத்திருந்தார். பிறகு நாங்கள் போய்க் கேட்டபோது, அவர் வந்து பேசியதற்கு எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். ஆகவே கடிதம். நீளமாக வேண்டாம், இந்த மாதிரி போதும்:

"ஐயா, எனது வீட்டுக் கடன் கணக்கு எண் இது. இந்த மாதம் முதல் வேலை இழந்ததால் தவணை கட்ட இயலவில்லை. தற்போது மாதம் 18,000 ரூபாய் வரை கட்ட முடியும். கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்குமாறும், முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். வேலை நீக்கக் கடிதத்தின் நகல் இணைப்பு."

எவ்வளவு கட்ட முடியும் என்ற எண் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்பதை யாரும் கோப்பில் வைக்க மாட்டார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

சரி, என்ன கேட்கலாம்? கால நீட்டிப்புதான் முதலாவது. மேலே சொன்ன அதே கடனில் ஆறு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் 18.7 லட்சம் போயிருக்கும். ஆனால் அசலில் குறைந்திருப்பது நாலரை லட்சம்தான், மீதி 25.5 லட்சம் நிற்கும். மிச்சமுள்ள 14 வருடத்தை மறுபடி 20 வருடமாக்கினால் தவணை சுமார் 22,150-க்கு இறங்கும். மாதம் 3,900 ரூபாய் குறைகிறது. அதற்கு விலையாகக் கடைசி வரை கட்டும்போது 9 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். பெரிய தொகைதான். ஆனால் வீடு நிற்கும். பிறகு வருமானம் சீரானதும் கூடுதலாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது. வயது ஏற ஏற நீட்டிப்புக்கு இடம் குறையும், ஓய்வு வயதைத் தாண்டித் தர யோசிப்பார்கள். மகனையோ மகளையோ இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: இந்த நீட்டிப்பை மறுசீரமைப்பு என்று பதிவார்களா என்று. அப்படிப் பதிந்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரியும், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும்.

இரண்டாவது, வட்டி விகிதம். பழைய வாடிக்கையாளர்கள் பலர் புதிதாக வருபவர்களைவிட அதிக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிறிய கட்டணம் கட்டி இன்றைய விகிதத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும், எழுதிக் கேட்க வேண்டும். தானாக மாற்ற மாட்டார்கள். வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதும் உண்டு, ஆனால் தவணை தவறிய தடம் சிபிலில் ஏறிய பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

கடன் வாங்கியவர் இறந்துபோய்க் குடும்பம் தவிக்கிறது என்றால், முதலில் காப்பீடு இருக்கிறதா என்று தேடுங்கள். கடன் கொடுக்கும்போதே ஒரு பிரீமியத்தைப் பிடித்து ஆயுள் காப்பீடு போட்டிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. சாங்ஷன் லெட்டரிலும் முதல் மாத ஸ்டேட்மென்ட்டிலும் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மீதிக் கடனை அந்தக் காப்பீடே அடைக்கக்கூடும். கணவர் போன பிறகு ஒன்றரை வருடம் நகை விற்றுத் தவணை கட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பாலிசி பீரோவில்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

பணம் புரட்டுவதில் ஒரு வார்த்தை. பி.எஃப். பணத்திலிருந்து வீட்டுக் கடனுக்காக எடுக்க வழி இருக்கிறது. எல்.ஐ.சி. பாலிசி மேல் கடன் வாங்கலாம். வங்கி நகைக்கடனும் பரவாயில்லை. கந்துவட்டி மட்டும் வேண்டாம். மாதம் 5 வட்டி, 10 வட்டிக்கு வாங்கி 8.5 சதவீதக் கடனை அடைத்தவர்கள் வீட்டோடு நிம்மதியையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் எடுப்பதும் அதே வழிதான்.

13(2) நோட்டீஸ் வந்துவிட்டால்

கணக்கு வாராக்கடன் ஆன பிறகு வருவது இது. மொத்தக் கடனையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லும். 25 லட்சத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிடும். ஆனால் இந்த 60 நாளுக்குள் யாரும் வந்து வீட்டைப் பூட்ட முடியாது. இந்த நாட்களில் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதில் ஒரு லாபமும் இல்லை. வீட்டுக் கதவில் ஒட்டியும் பத்திரிகையில் போட்டும் கொடுத்ததாகக் கணக்கு வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்குங்கள், வந்த தேதியைக் கவரின் மேலேயே எழுதுங்கள்.

அடுத்து, பிரிவு 13(3ஏ) படி பதில் எழுதுங்கள். தொகை தவறு, கட்டிய பணம் வரவு வைக்கப்படவில்லை, வட்டி தப்பு, மறுசீரமைப்புக் கேட்ட கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்று எது உண்மையோ அதை எழுதுங்கள். 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வங்கி கடமைப்பட்டது. பதில் தராமல் மேலே நடவடிக்கைக்குப் போனால் அது பின்னால் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு உதவும். நாங்கள் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்ததில், கட்டிய ஒரு தவணை வரவில் இல்லை. அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள்.

அபராதத்தையும் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி தாமதத்துக்கு அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டும்தான் வாங்கலாம். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டியும் ஏற்றக் கூடாது. 2024 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

நோட்டீஸ் முழுத் தொகையைக் கேட்டாலும், தவணை பாக்கி முழுவதையும் கட்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கைச் சீராக்கி நடவடிக்கையை நிறுத்திக்கொள்கின்றன. அப்படி ஒப்புக்கொண்டால் "13(2) நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறோம்" என்று எழுதி வாங்குங்கள். சித்தப்பா விஷயத்தில் இதுதான் நடந்தது. பி.எஃப். பணமும் சித்தியின் நகைக்கடனும் சேர்த்து பாக்கியைக் கட்டினோம். 58-ஆம் நாள் அந்தக் கடிதம் கைக்கு வந்தது.

இந்தச் சட்டமே பொருந்தாத இடங்களும் உண்டு. விவசாய நிலத்தின் மேல் இதைப் பயன்படுத்த முடியாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் பாக்கி 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தாலும் முடியாது. முக்கால்வாசிக்கு மேல் கட்டி முடித்தவர்கள் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

கட்டவே வழியில்லை என்றால், நீங்களே விற்பது

இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் வருமானம் திரும்புவதற்கு வழியே இல்லை என்று உங்களுக்கே தெரிந்தால், ஏலத்துக்கு விடுவதைவிட நீங்களே விற்பது நல்லது. ஏலத்தில் சந்தை விலை கிடைப்பது அரிது. நீங்கள் நிதானமாக விற்றால் கடன் போக மிஞ்சுவது உங்கள் கையில் இருக்கும்.

நடைமுறை இப்படி. வங்கியில் ஃபோர்குளோஷர் லெட்டர் கேளுங்கள், இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று தருவார்கள். அவர்களிடம் இருக்கும் மூலப் பத்திரங்களின் பட்டியலும் கேளுங்கள். வாங்குபவரும் கடன் வாங்குகிறார் என்றால் அவருடைய வங்கி நேராக உங்கள் வங்கிக்குப் பணம் கொடுத்துப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும், மீதி உங்கள் கணக்குக்கு வரும். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு விற்பதென்றால் வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விற்கவோ வாடகை ஒப்பந்தம் போடவோ கூடாது, பிரிவு 13(13) அதைத் தடுக்கிறது. சம்மதம் கேட்டால் பொதுவாகத் தருவார்கள், அவர்களுக்கும் பணம் வருகிறதே.

"பவர் எழுதிக் கொடுங்க, பேங்க்கை நாங்க பார்த்துக்கறோம்" என்று வரும் ஆளிடம் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸ் பத்திரிகையில் வந்த மறுநாளே இவர்கள் வாசலில் நிற்பார்கள்.

ஒரே தவணையில் தீர்வு

ஓ.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். மொத்தத் தொகையில் கொஞ்சம் தள்ளுபடி செய்து, மீதியை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். வீட்டின் மதிப்பு கடனைவிட நன்றாக அதிகம் என்றால் பெரிய தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள். அது உரிமையும் இல்லை, கடன்தாரர் கேட்டார் என்பதற்காக ஓ.டி.எஸ். கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. கிடைத்தால் சிபிலில் 'செட்டில்டு' என்று பதியும். முழுதாக அடைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, பல வருடம் புதிய கடன் கிடைப்பது சிரமம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் நடக்கும் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்திலும் இந்தப் பேச்சு நடக்கும், செலவு கிடையாது.

சுவாதீன நோட்டீஸும் தீர்ப்பாயமும்

60 நாள் முடிந்தும் பணம் கட்டவில்லை, பேசித் தீரவும் இல்லை என்றால் அடுத்தது பிரிவு 13(4), அதாவது வீட்டைத் தங்கள் வசம் எடுப்பதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ். வீட்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள், 7 நாளுக்குள் இரண்டு செய்தித்தாளில் வெளியிடுவார்கள், ஒன்று தமிழில். அக்கம்பக்கத்துக்குத் தெரியும் நாள் அது. குழந்தைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றும். கிழிக்காதீர்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இது பெயரளவுச் சுவாதீனம்தான், நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். ஆளை வெளியேற்றிப் பூட்டுவதற்குப் பொதுவாகப் பிரிவு 14-இன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதிபதியிடமோ உத்தரவு வாங்கித்தான் வருவார்கள்.

இந்த நோட்டீஸிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டி.ஆர்.டி.யில், பிரிவு 17-இன் கீழ் மனு போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் கடனில் 75 சதவீதம் கட்டினால்தான் மனுவே எடுப்பார்கள். அந்த நிபந்தனையை 2004-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் தடை உத்தரவு கேட்கும்போது ஏதாவது ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது வழக்கம், அதற்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு போங்கள். சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லும் வக்கீலிடம் பிரிவு 34 பற்றிக் கேளுங்கள். இந்த விஷயங்களில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் அழைக்கலாம். வீடு மனைவி பெயரில் இருந்தால் மனைவியே கேட்கட்டும்.

ஏலம்

முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரை வைத்து மதிப்புப் போட்டு, குறைந்தபட்ச விலையை முடிவு செய்ய வேண்டும். விலை மிகக் குறைவு என்று தோன்றினால் பக்கத்து மனை விற்ற பத்திர நகலோடு உடனே ஆட்சேபம் எழுதுங்கள்.

பலர் தவறாக நம்பும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. "ஏலம் முடிவதற்குள் முழுப் பணத்தையும் கட்டினால் வீட்டை மீட்கலாம்" என்பது பழைய நிலை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை. 2023-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. ஏலத் தேதியை எண்ணிக்கொண்டு பணம் புரட்டாதீர்கள், அறிவிப்பு வருவதற்கு முந்தைய நாள்தான் உங்கள் கெடு.

ஏலம் போய்விட்டால் கடனுக்கு மேல் வந்த தொகை உங்களுடையது, கணக்குக் கேட்டு வாங்குங்கள். குறைவாக வந்தால் மீதிக்கு உங்கள் மேலும் ஜாமீன் போட்டவர் மேலும் வழக்குப் போட முடியும்.

வசூல் ஆட்களும் புகாரும்

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. மிரட்டுவது, அசிங்கப்படுத்துவது, உறவினர்களைத் தொந்தரவு செய்வது எதுவுமே கூடாது. தேதி, நேரம், எண் எல்லாம் ஒரு நோட்டில் குறியுங்கள். முதலில் வங்கிக்குப் புகார், 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பு அதிகாரி. 14448-ல் விவரம் கேட்கலாம், கட்டணம் கிடையாது. கடன் கொடுத்தது வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். மாற்றி அனுப்பி நாளை வீணாக்காதீர்கள்.

முழுதாகக் கட்டியோ தீர்வு பேசியோ கடனை முடித்தால், முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. பத்திரத்தோடு நிற்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி.க்கு, அதாவது கடனுக்காகப் பத்திரங்களை ஒப்படைத்ததாகப் பதிவான ஆவணத்துக்கு, ரசீது ஆவணம் பதிவு செய்து, ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.